இல்லத்திற்குள் ஓர் இல்லம்

புதிதாக வீடு கட்ட முனைவோர் முதலில் நாடுவது வரைபடத்தைத்தான். அதனை மேசைமீது விரித்துவைத்துக் குடும்பத்தினர் சுற்றி அமர்வர். கூடம் எங்கே, சமையலறை எங்கே, பிள்ளைகள் படிக்கும் அறை எங்கே, வண்டி நிறுத்த இடம் எங்கே என்று விரல்கள் தாளின்மீது ஓடும். பீடம் எந்தச் சுவரில் அமைய வேண்டும் என்பதும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் மறவாது பேசப்படும். ஆனால், "அப்பாவும் அம்மாவும் எங்கே இருப்பார்கள்?" என்ற கேள்வி எழும்போது மட்டும் விரல் சற்றே தயங்கி நிற்கும். "எங்களுக்கென்ன, கூடத்தில் ஒரு கட்டில் போட்டால் போதாதா?" என்று ஒரு குரல் சொல்லும். சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பெற்றோர்தாம். கேட்டவர் மனம் நிம்மதி அடையும். வரைபடம் சுருட்டப்படும்.

கூடத்துக் கட்டிலின் வாழ்க்கை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சி அணையும்வரை அந்தக் கட்டிலில் உறக்கம் இல்லை. விருந்தினர் வந்தால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். துணிமணிகள் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் இருக்கும். மருந்துகள் வேறொருவர் அலமாரியின் ஓரத்தில் இருக்கும். சேலை மாற்றவும் மருமகளின் அறை காலியாகும் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அன்பு குறைந்ததால் நேர்வது அன்று இது. இடம் இல்லாததால் நேர்வது. தாம் பெற்று வளர்த்த மக்களின் வீட்டிலேயே அவர்கள் விருந்தினர் ஆகிவிடுகின்றனர். அதுவும் புறப்படும் நாள் குறிக்கப்படாத விருந்தினர்.

2014ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் நாங்கள் வீடு கட்டியபொழுது, என் பெற்றோருக்கென அவ்வீட்டிற்குள்ளேயே ஒரு சிறு தனி இல்லம் அமைத்தோம். அப்போது தந்தையாருக்கு 74 வயது, தாயாருக்கு 69. அந்த இல்லத்தை எவ்வாறு திட்டமிட்டோம், அதனால் எங்கள் குடும்பம் கற்றது என்ன என்பதை, வீடு கட்டும் எண்ணத்திலிருக்கும் பங்குக் குடும்பங்களுக்குப் பயன்படும் எனக் கருதி இங்கே எழுதுகிறேன்.

சூனேம் ஊர்ப் பெண்மணி

முதியோருக்கு அறை அமைப்பது பற்றிப் பேசும்பொழுதெல்லாம் என் நினைவில் எழுவது, அரசர் இரண்டாம் ஆகமத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண்மணியே. எலிசேயு இறைவாக்கினர் அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவள் இல்லத்தில் உணவருந்துவது வழக்கம். அவளோ உணவு கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. தன் கணவனிடம் சொல்லி, வீட்டின் மேல் அவருக்கென ஒரு சிற்றறை கட்டுவிக்கிறாள். அதில் ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு ஆகியவற்றை வைக்கிறாள். பொருள்கள் நான்கே. ஆயினும் எவ்வளவு நுணுக்கமான அன்பு! படுக்கை இளைப்பாற, மேசை தம் அலுவலைத் தாமே செய்ய, நாற்காலி அமர்ந்திருக்க, விளக்கோ, தாம் விரும்பும் நேரம் வரை விழித்திருக்க. விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் அறைக்கு உரியவரின் விருப்பம். அறை ஒருவருக்கு உரியது என்பதன் பொருளே அதுதான்.

ஆண்டவர் சிலுவையில் தொங்கியபொழுது தம் அன்னையை அன்புச் சீடரிடம் ஒப்படைத்ததையும், அந்நேரமுதல் அச்சீடர் அன்னையைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டதையும் அருளப்பர் நற்செய்தியில் படிக்கிறோம். மறுபுறம், 'கொர்பான்', அதாவது இறைவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தந்தையரைத் தாங்கும் கடமையிலிருந்து நழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் காட்டுகிறது. தந்தையின் அறிவு தளர்ந்துபோனாலும் பொறுமையோடு நடந்துகொள் எனச் சீராக் ஆகமம் மகனுக்கு அறிவுறுத்துகிறது. இவற்றை நாம் கோவிலில் கேட்கிறோம். சரி என்று தலையசைக்கிறோம். இவை வீட்டின் வரைபடத்திலும் இடம்பெற வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பழைமையில் உள்ள பாடம்

தனி இல்லம் என்றவுடன், இது மேனாட்டு வழக்கம், நம் கூட்டுக் குடும்பப் பண்பாட்டிற்கு ஒவ்வாதது எனச் சிலர் நினைப்பர். உண்மை அதுவன்று. செட்டிநாட்டுப் பெருவீடுகளைப் பாருங்கள். நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குத் திருமணமானபின், அதே வீட்டிற்குள்ளேயே அவனையும் அவன் மனைவியையும் தனியே சமைத்து வாழ வைப்பர். 'வேறு வைத்தல்' என்பது அதற்குப் பெயர். முற்றம் பொது, விழாக்கள் பொது, அடுப்பும் வரவுசெலவும் தனி. ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் மனத்தாங்கலின்றி வாழ, நம் மண்ணிலேயே கண்டறிந்த வழி இது.

கத்தோலிக்க நாடுகளிலும் இதற்கு ஒத்த வழக்கங்கள் இருந்தன. அயர்லாந்தின் மேற்குப் பகுதிக் கிராமங்களில், மகன் மணமுடித்து நிலத்தின் பொறுப்பை ஏற்கும்போது, முதிய பெற்றோர் கணப்படுப்புக்கு அப்பாலுள்ள 'மேற்கு அறை'க்கு இடம் பெயர்வர். அது கழித்துவிடப்பட்ட மூலையன்று. குடும்பத்தின் மதிப்புமிக்க பொருள்கள் வைக்கப்பட்ட கௌரவமான அறை. பவேரியா, ஆஸ்திரியா ஆகிய இடங்களின் உழவர் குடும்பங்களில், பண்ணையை மகனுக்கு எழுதிக்கொடுக்கும் தந்தை, தமக்கும் தம் மனைவிக்கும் உரிய சிறு வீடு அல்லது அறை, ஆண்டுதோறும் தரவேண்டிய விறகு, பால், தானியம் எனத் தம் வாழ்வுக்கு வேண்டியவற்றைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வார். இரக்கத்தால் பெறும் பிச்சையாக அல்ல, உரிமையாக அவர்கள் முதுமையை வாழ்ந்தனர்.

நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் தார்சா முதியவரின் ஆட்சிப்பீடமாக விளங்கியது. தெருவில் போவோர் வருவோர் நின்று அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போவதில்லை. உள்ளே பட்டாசலும் அடுக்களையும் ஆச்சியின் ஆட்சியில் இருந்தன. இன்று நாம் கட்டும் வீடுகளில் தார்சா சுருங்கி, வாகனம் நிற்கும் இடமாயிற்று. அடுக்களை மருமகளின் பொறுப்பாயிற்று, அது முறையே. ஆனால் ஆட்சிப்பீடங்கள் இரண்டையும் இழந்த முதியோருக்கு நாம் மாற்றாகக் கொடுத்தது எதுவுமில்லை.

"இரண்டு அடுப்பா?"

எங்கள் மனை ஐந்தரை சென்ட், கிழக்குப் பார்த்தது. மனையின் தென்கிழக்கில், தெருவை ஒட்டிய பகுதியில், 420 சதுர அடி அளவில் பெற்றோரின் இல்லத்தைக் குறித்தோம். ஓர் அறை, ஒரு சிறு அடுக்களை, குளியலறை, முன்னால் ஒரு தார்சா; இவ்வளவுதான். எங்கள் கூடத்திற்கும் அவர்கள் அறைக்கும் இடையே ஒரு கதவு. அவர்களுக்கென வெளியே செல்லத் தனி வாசல்.

தந்தையார் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். எதையும் படித்துப் புரிந்துகொள்ளாமல் பேசமாட்டார். பிறகு, "ஒரே வீட்டில் இரண்டு அடுப்பா? நம் ஊரில் அடுப்பைப் பிரித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. கிராமத்தில் தனி அடுப்பு என்றால் சண்டை என்று பொருள். பெற்ற மகன் தம்மைப் பாகம் பிரித்து வைக்கிறான் என ஊரார் பேசுவரே என்பது அவர் அச்சம்.

அதற்கு விடை கூறியவர் தாயார். "எனக்கு ஓர் அடுப்பு வேண்டும்" என்றார். "காலை நான்கு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். ஒரு வாய் காப்பி வைக்க மருமகளின் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டி எல்லோரையும் எழுப்ப வேண்டுமா? உங்கள் தங்கை வந்தால், என் கையால் ஒரு டம்ளர் மோர் கொடுக்க எனக்கு இடம் வேண்டாமா?" தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. அந்தக் கேள்வியில் ஐம்பது ஆண்டு இல்லறத்தின் மதிப்பு அடங்கியிருந்ததை நாங்கள் அனைவரும் உணர்ந்தோம். உபசரிக்கும் உரிமையை இழந்த இல்லத்தரசி, வீட்டிலிருந்தும் வீடற்றவளே.

சற்று நேரங்கழித்துத் தந்தையார் இன்னொரு கேள்வி கேட்டார். "இந்த நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்றார்.

"உங்கள் பக்கம் மட்டுந்தான், அப்பா. எங்கள் பக்கம் தாழ்ப்பாளே கிடையாது" என்றேன். அவர் வரைபடத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "சரி, கட்டு" என்றார்.

பின்னர் கதவு பொருத்த வந்த தச்சர், இருபுறமும் தாழ்ப்பாள் வைப்பதுதான் வழக்கம் என வாதாடினார். ஒருபுறம் போதும் என நான் பிடிவாதமாக நின்றேன். இந்த வீட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியவை அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமானால், இதனைத்தான் சொல்வேன்: முதியோருக்குத் தனிச்சுவர் எழுப்புங்கள்; ஆனால் தாழ்ப்பாளை அவர்கள் பக்கம் வையுங்கள். தாழ்ப்பாள் நம் பக்கம் இருந்தால் அது ஒதுக்கிவைத்தல். அவர்கள் பக்கம் இருந்தால் அது மரியாதை.

கட்டுமானத்தில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இடம். பொறியாளர் தொடக்கத்தில் எங்கள் பெற்றோரின் பகுதியை வீட்டின் பின்புறம், அமைதியாக இருக்கும் என்று, குறித்திருந்தார். அமைதி இளைஞருக்கு இனிக்கும். முதியோருக்குத் தெருவே செய்தித்தாள். பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், காய்கறி விற்பவர், கோவிலுக்குப் போவோர் ஆகியோரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதே அவர்களின் உலகத் தொடர்பு. ஆகவே முன்புறத்தைக் கேட்டு வாங்கினோம். கிழக்கே சன்னல் வைத்ததால் காலை வெயில் வரும். மாலை வெயிலின் சூடு அறையைத் தாக்காது. ஆனி ஆடி மாதங்களில் எங்கள் ஊருக்கு வரும் மேல்காற்றும் குற்றாலச் சாரலின் குளிர்ச்சியும் உள்ளே நுழைய, மேற்கே நடுக்கதவுக்கு மேல் ஒரு காற்றுத்துளையும் விட்டோம்.

இரண்டாவது, படிகள். முதியோர் இல்லம் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அத்துடன் அடித்தளத்தின் உயரத்தையும் கருத வேண்டும். மதிப்புக்காக மூன்றடி, நான்கடி உயர்த்திக் கட்டுவோர் உண்டு. நாங்கள் மழைநீர் தேங்காத மேட்டுமனையாதலால் முழு வீட்டிற்கும் ஒன்றரை அடியோடு நிறுத்தினோம். சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதைக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்பது கணக்கு. அதாவது ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் ஒன்றரை அடிக்குப் 18 அடி நீளம் தேவைப்பட்டது. வீட்டின் தென்புறச் சுவரை ஒட்டி அது அமைந்தது. அடித்தளம் மூன்றடியாக இருந்தால் 36 அடி வேண்டியிருக்கும். சிறு மனையில் அதற்கு எங்கே போவது?

மூன்றாவது, கதவுகள். குளியலறைக் கதவை இரண்டரை அடியாகச் சுருக்குவது கொத்தனார்களின் வழக்கம். சக்கர நாற்காலியின் அகலமே ஏறக்குறைய இரண்டே கால் அடி. கைகள் உரசாமல் நுழைய முடியாது. ஆகவே பெற்றோரின் பகுதியில் எல்லா நிலைகளும் மூன்றரை அடி அகலம். வாசலில் நிலைப்படி வைக்கவில்லை. காலைத் தூக்கி வைக்க வேண்டிய ஓரங்குலம்கூடத் தளர்ந்த காலுக்கு ஒரு மலைதான்.

நான்காவது, குளியலறை. முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து இங்கே உண்டு. தரைக்குச் சொரசொரப்பான ஓடு பதித்தோம். நாற்காலி திரும்ப வேண்டுமானால் ஐந்தடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அதனை விட்டே மற்றவற்றை அமைத்தோம். அமரும் கழிப்பீடத்தின் உயரம் பதினெட்டு அங்குலம். அதன் அருகிலும் குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் எஃகுக் கைப்பிடிகள். இவற்றை ஓட்டின்மீது ஒட்டவைத்தல் கூடாது. ஒரு மனிதரின் முழுப் பளுவையும் தாங்குமாறு செங்கற்சுவரில் ஆழப் பொருத்த வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. உதவிக்கு வந்தவர் வெளியே தவித்து நிற்க நேரிடும். தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருத்தல் நலம்.

ஐந்தாவது, சின்னஞ்சிறு சௌகரியங்கள். கட்டிலில் படுத்தபடியே எட்டும் விளக்குப் பொத்தான். இரவு முழுவதும் எரியும் ஒரு சிறு விளக்கு. எங்கள் அறையில் ஒலிக்கும் ஓர் அழைப்பு மணி. கால் தரையில் படும் உயரத்தில் கட்டில். பூட்டும் சாவியும் உள்ள ஓர் அலமாரி. இந்தச் சாவியை அற்பமாக எண்ண வேண்டாம். பேரப்பிள்ளைக்குக் கொடுக்க எடுத்துவைத்த மிட்டாயும், பழைய கடிதங்களும், இறப்புச் செலவுக்கென முடிந்துவைத்த பணமும் அதனுள்ளே இருக்கும். தமக்கென ஓர் இரகசியம் இருப்பதும் மனித மாண்பின் ஒரு பகுதியே.

இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு ஆயிற்றோ எனச் சிலர் கேட்பதுண்டு. கூடுதல் அடுக்களைக்கும் குளியலறைக்கும் செலவு ஆனது மெய்தான். ஆனால் அகலமான நிலையும் வெளிப்புறம் திறக்கும் கதவும் தாழ்ந்த அடித்தளமும் கட்டும்போதே திட்டமிட்டால் அதிகச் செலவு வைப்பவையல்ல. கட்டிமுடித்தபின் சுவரை உடைத்து மாற்றுவதுதான் செலவு.

அடுப்பு இரண்டு, பீடம் ஒன்று

பங்குக் குருவானவர் வந்து வீட்டை மந்திரித்தபோது, இரு அடுக்களைகளிலும் தீர்த்தம் தெளித்தார். பீடமோ ஒன்றே, அது எங்கள் கூடத்தில் இருந்தது. காலைக் காப்பியும் இரவுக் கஞ்சியும் பெற்றோர் தம் அடுக்களையில் வைத்துக்கொண்டனர். மதிய உணவு பொது அடுக்களையிலிருந்து அனைவர்க்கும். இரவு ஏழரை மணிக்கு நடுக்கதவு திறக்கும். தந்தையார் செபமாலையைத் தொடங்கிவைப்பார். ஐந்து காரணிக்கங்களையும் முடித்து, பேரப்பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு அவர்கள் தம் இல்லம் திரும்புவர்.

இந்த ஏற்பாட்டால் மிகவும் ஆறுதலடைந்தவர் யார் என்று கேட்டால், என் மனைவி என்றே சொல்வேன். மருமகளுக்கும் தன் வீட்டைத் தானே நடத்தும் இடம் வேண்டும் அன்றோ? மனிதன் தாய் தந்தையரை விட்டுத் தன் மனைவியோடு ஒன்றித்திருப்பான் எனத் தொடக்க ஆகமம் கூறுவது, பெற்றோரைக் கைவிடச் சொல்லும் கட்டளை அன்று; புதுக் குடும்பத்திற்குத் தன் கால்களில் நிற்க இடமளிக்கும் கட்டளை. நான்காம் கற்பனையோ பெற்றோரைப் போற்றச் சொல்கிறது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற ஒரு சுவரும் ஒரு கதவும் எங்களுக்கு உதவின. அத்தையின் சமையலில் உப்பு மிகுந்ததா, மருமகள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்ற ஆராய்ச்சிகளுக்கு எங்கள் வீட்டில் இடமே ஏற்படவில்லை. நாள் முழுவதும் ஒருவர்மீது ஒருவர் இடித்துக்கொண்டிருப்போரைவிட, விரும்பிக் கதவைத் திறந்து வருவோரிடம் பேச நமக்குச் செய்திகள் அதிகம்.

பேரப்பிள்ளைகளுக்கும் அது வேறொரு நாடாகவே இருந்தது. எங்களிடம் திட்டு வாங்கியவன் அந்தக் கதவைத் தட்டி அடைக்கலம் புகுவான். மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலித்த வேரித்தாஸ் வானொலியைத் தாத்தாவோடு கேட்பான். ஆச்சியிடம் தன் அம்மாவின் குழந்தைப்பருவம் தவிர மற்ற எல்லாக் கதைகளையும் கேட்பான். அந்த ஒரு குறையும் என் மாமியார் ஆண்டுதோறும் வந்து இரண்டு மாதம் தாயாருடன் தங்கத் தொடங்கியபின் தீர்ந்தது.

சோதனைக் காலங்கள்

2018இல் தந்தையார் பக்கவாதத்தால் தாக்குண்டார். இடப்பக்கம் செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பியவரை, அந்தப் 18 அடிச் சரிவில் பேரன் ஒருவனே தள்ளிக்கொண்டு வந்தான். வண்டி எந்த நிலையிலும் இடிபடாமல் கட்டிலருகே சென்று நின்றது. குளியலறையில் வலக்கையால் கைப்பிடியைப் பற்றித் தாமே எழுந்து நிற்க அவர் சில வாரங்களில் பழகிக்கொண்டார். பிறர் உதவியின்றிக் கழிவறை சென்று திரும்பிய நாளன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை, அவர் ஓய்வுபெற்ற நாளின் பாராட்டு விழாவிலும் நான் கண்டதில்லை. முதல் வெள்ளிதோறும் குருவானவர் நற்கருணை கொண்டுவருவார். தெருப்பக்க வாசல் வழியாக வந்து, அந்த அறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வெள்ளைத்துணி விரித்த மேசைமீது ஆண்டவரை எழுந்தருளச் செய்வார். சூனேம் ஊர்ப் பெண்மணி வைத்த மேசை அப்பொழுதெல்லாம் என் நினைவுக்கு வரும்.

தந்தையார் 2019ஆம் ஆண்டு, தம் அறையில், தம் கட்டிலில், அவஸ்தைப்பூசுதல் பெற்று அமைதியாக இறைவனடி சேர்ந்தார். இறுதி நாள்களில் தெருவிலிருந்தே நண்பர்கள் உள்ளே வந்து பார்த்துச் செல்ல முடிந்தது. எவரையும் நோக்கி அவர், "மகன் வீட்டில் இருக்கிறேன்" என்று சொன்னதில்லை. "நம் வீட்டிற்கு வந்ததற்கு நன்றி" என்றே சொல்வார்.

2021ஆம் ஆண்டின் கோடையில், கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை எழுந்தபோது, எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்நோய் கண்டது. தாயாருக்கு அப்போது 76 வயது. அவருக்கு நோய் இல்லை. அன்றுதான் நடுக்கதவின் தாழ்ப்பாள் முதன்முதலாகப் போடப்பட்டது. போடுமாறு கெஞ்சிக் கேட்டவர்கள் நாங்கள். போட மனமில்லாமல் நெடுநேரம் நின்றவர் அவர். தனி வாசலும், தனிக் குளியலறையும், தனி அடுப்பும் இல்லாதிருந்தால் அவரை அந்நோயிலிருந்து காத்திருக்க இயலாது. பதினேழு நாள்கள் அவர் தம் அடுப்பில் கஞ்சி காய்ச்சினார். பாத்திரத்தை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, விலகி நின்று பெயர்சொல்லி அழைப்பார். இரவு ஏழரை மணிக்கு அந்த மூடிய கதவின் மறுபுறம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, உரத்த குரலில் செபமாலை சொல்வார். நாங்கள் இப்பக்கமிருந்து மறுமொழி சொல்வோம். முதியோரைப் பராமரிக்க அந்த இல்லத்தைக் கட்டியதாக எண்ணியிருந்தோம். அந்த இல்லம்தான் எங்களைப் பராமரித்தது.

பத்திரமும் பாசமும்

ஒரு செய்தியைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிற்காகத் தந்தையார் கிராமத்து வீட்டை விற்று ஒரு தொகை தந்தார். அதனால் பெற்றோர் இருவரும் தம் வாழ்நாள் முழுவதும் அப்பகுதியில் வசிக்கும் உரிமையைப் பத்திரத்தில் எழுதிப் பதிவுசெய்தோம். "பெற்ற மகனிடம் பத்திரமா?" என்று அவர் சிரித்தார். "எனக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், உங்களை யாரும் கேள்வி கேட்கக்கூடாது அல்லவா?" என்றேன். பாசம் இருக்கும் வீட்டில் பத்திரம் பாசத்தைக் குறைப்பதில்லை. பாசம் குன்றும் வீட்டில் பத்திரமாவது காக்கும்.

பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் பெற்றோர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்த்துக்கொள்வது அறிவுடைமை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அத்தகைய நிபந்தனையுடன் கொடுக்கப்பட்ட சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்த உரிமை மாற்றம் செல்லாது என அறிவிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதற்கு முறையிடலாம். நம் குடும்பங்கள் எதுவும் அப்படி முறையிடும் நிலைக்கு வராதிருக்கட்டும்.

வசதி குறைந்தோர்க்கு

ஐந்தரை சென்ட் நிலமும் இரண்டாம் அடுக்களையும் எல்லார்க்கும் இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். இயலாது என்பதை அறிவேன். இரண்டே அறைகளில் வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல. ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையைத் தோற்றுவித்த புனித ஜான் ஜூகன் அம்மையாருக்கு மாளிகை இருந்ததில்லை. பிரான்சு நாட்டில் 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையற்ற, நடக்க இயலாத ஒரு மூதாட்டியைத் தம் வாடகை வீட்டிற்கு எடுத்துவந்து, தம் சொந்தக் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். முதியோர்க்காக உலகெங்கும் இல்லங்கள் நடத்தும் ஒரு சபை அந்த ஒரு கட்டிலிலிருந்து தோன்றியது. 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

ஆகவே அறை இல்லையெனில், கூடத்தின் ஒரு மூலையை ஒரு திரையாலோ மரத்தட்டியாலோ மறைத்து அதனை அவர்களுக்கே உரியதாக்கலாம். பூட்டுள்ள ஒரு பெட்டி, கைக்கெட்டும் ஒரு விளக்கு, முதுகு சாயும் ஒரு நாற்காலி ஆகியவை பெரும் பொருள் கேட்பவையல்ல. குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்த அரை நாள் வேலை போதும். அவர்களின் விருந்தாளி வந்தால், "உட்காருங்கள்" என்று அவர்களே சொல்லவும், காப்பி கொண்டுவருமாறு அவர்களே நம்மைப் பணிக்கவும் விட்டுவிடுவதற்கோ ஒரு காசும் செலவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு, தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அது. மரியன்னையின் பெற்றோரும் நம் ஆண்டவரின் பாட்டனாரும் பாட்டியாருமான புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளாகிய சூலை 26ஐ ஒட்டி வருவது. அந்த ஞாயிறன்று முதியோர்க்கு மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம். அது நன்று. அன்று மாலை வீடு திரும்பியதும், அவர்கள் மாலையைக் கழற்றி வைக்கத் தமக்கென ஓர் ஆணியாவது சுவரில் இருக்கிறதா எனப் பார்ப்பது அதனினும் நன்று.

வீடு கட்டும் அன்பர்களே, இன்று நாம் வரையும் வரைபடத்தில் நாளை வாழப்போகிறவர்கள் நம் பெற்றோர் மட்டுமல்லர். இருபது, முப்பது ஆண்டுகளில் அந்த அறைக்கு நாமே குடிபோவோம். நம் பிள்ளைகள் அதை இன்றே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் இல்லங்களுக்குக் காவலாயிருப்பதாக. புனித சுவக்கீனும் அன்னம்மாளும் நம் முதியோர்க்காகவும் நமக்காகவும் பரிந்துபேசுவார்களாக.